குறைந்ததே கணக்கு

கேளம்பாக்கம் தாண்டி, வற்றிய ஏரிக்குள்
வைகாசி வெயில் பாளம் பாளமாய் வெடித்துக் கிடந்தது.
யாருடைய ஹெல்மெட்டோ, அதில் சீட்டுப் போட்டுக் குலுக்கினார்கள்:
பழகியவர் ஒருவர், புதியவர் ஒருவர்.
இருவரில் யார் குறைந்த தூரம் பறக்கிறாரோ
அந்தத் தூரம்தான் ஜோடிக்கு.
பரிசு, ஐந்து லிட்டர் குக்கர்.

எனக்கு விழுந்த சீட்டில் எபனேசர்.
ஐம்பத்திரண்டு வயது, பதினேழாவது பறத்தல்,
பெரம்பூரில் லிஃப்ட் மெக்கானிக்.
அவரைவிட எனக்கு இருபத்திரண்டு வயது குறைவு,
நானூறு மணி நேரம் கூடுதல்.
முகம் சுளித்திருப்பேன் போல.
"சாரி மேடம், உங்க தலையில வந்து வுழுந்துட்டேன்" என்றார்,
மூன்றாம் முறையாக பக்கிளை இழுத்துப் பார்த்தபடி.

பன்னிரண்டரை வாக்கில் கடல்காற்று உள்ளே வரும்,
அதன் விளிம்பில் சூடான காற்று மேலே ஏறும்,
அதற்கு நாங்களும் லிஃப்ட் என்றுதான் சொல்வோம் என்றேன்.
"சர்வீஸ் யாரு பண்றாங்க?" என்றார்.

வின்ச் இழுத்து முதலில் அவரை அனுப்பியது, அப்புறம் என்னை.
கயிறு கழன்றதும்
உப்பளம், சிறுசேரிக் கண்ணாடிகள்,
கால்வாய்க்கு அப்பால் அசையாத கடல்.
குவாரிப் பாறை எனக்குத் தெரியும்.
ஒன்பது வருடமாகத் தூக்கிவிட்ட பாறை.
அவரைச் சுற்றிக்கொண்டிருக்கச் சொல்லிவிட்டு
நேராக அதன்மேல் போனேன்.
வேரியோ இழவு வீடு மாதிரி ஒரே சுரத்தில் அழுதது.
நான் இறங்கியது ஒரு மனைப்பிரிவில்,
மஞ்சள் கல், எண் நாற்பத்தாறு.
ஒன்று புள்ளி எட்டு கிலோமீட்டர்.

வாக்கி கரகரத்தது.
"மேடம், எங்க இருக்கீங்க? மேல தேடிக்கினு இருக்கேன்."
"கீழே."
கொஞ்ச நேரம் காற்றின் இரைச்சல் மட்டும்.
"அப்போ நானும் இறங்கிரவா?"

இறங்கலாம்.
எங்கள் கணக்கு முடிந்துவிட்டது.
இனி அவர் பறக்கிற ஒரு மீட்டரும்
எந்தப் பலகையிலும் ஏறாது.
அண்ணாந்தேன்: ஆரஞ்சு விங், நகக்கண் அளவு,
வட்டம் கூட ஒழுங்காக வரவில்லை, ஆனாலும் உயரம் குறையவில்லை.
சொல்லிவிடுகிறேன், ஒரு கணம்
அவரும் இறங்கினால் நன்றாயிருக்கும் என்றிருந்தது.
டீக்கடையில் என் கதையைச் சொல்லச் சுலபம்.
பொத்தான்மேல் கட்டைவிரல்.

"இறங்காதீங்க" என்றேன்.
"வலது பக்கம் சாயுங்க. பிரேக்கை விடுங்க.
இல்ல, இன்னும். பயந்தா பாடுங்க, பிடிக்காதீங்க."
வேரியோவின் கீச்சொலி அவர் குரலுக்குப் பின்னால்
கோழிக்குஞ்சு போலத் துள்ளியது.
"எத்தினியாவது மாடி மேடம்?"
"நூத்தம்பது இருக்கும்."
"கதவே காணோமே."

அப்போதுதான் மனைக்கொடி திரும்பிப் பார்த்தது.
ஒரு பால் கவர் எழுந்து என் தலைக்குமேல் சுற்றியது.
காற்று வந்துவிட்டது.
"கடலுக்கு முதுகு காட்டிப் போங்க,
அது தள்ளிக்கொண்டே வரும்."
சரி என்றார். ரா என்றார். பிறகு வெறும் கரகரப்பு.
விங்கை மூட்டை கட்டி, அதன்மேல் உட்கார்ந்து
ஆரஞ்சு பொட்டாகி, இல்லாமலாகும்வரை பார்த்தேன்.

ஒன்பது புள்ளி மூன்று. மாம்பாக்கம், கத்தரித் தோட்டம்.
பலகையில் எங்களுக்கு ஒன்று புள்ளி எட்டு, ஏழாவது இடம்.
திரும்பும் ஜீப்பில் நோட்டைத் தொடைமேல் விரித்து
அவரும் அதையே எழுதினார்.
"இது உங்க சொந்த நோட்டு, உங்க தூரத்தை எழுதுங்க."
"ஜோடின்னுதானே சொன்னாங்க?"
வண்டலூர் வரை வாதாடிப் பார்த்தேன்.
கேட்கவில்லை மனிதர்.

தோட்டக்காரர் கொடுத்தனுப்பிய கத்தரிக்காய்
அவர் ஹெல்மெட் நிறைய, பிஞ்சும் முற்றலுமாய்.
மடியில் கொட்டி எண்ணிப் பிரித்தார்.
ஒற்றைப்படையில் முடிந்தது.
மிஞ்சியதை,
முள் குத்தாமல் காம்பைத் திருப்பி,
என் பக்கம் நகர்த்தினார்.